இருபத்துமூன்று கறுப்புக் கயிறுகள்

கில்பரி
11 ஜனவரி 1925

அன்புள்ள தம்பி சைலஸுக்கு, அக்கா டார்க்கஸ் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் அமோஸும் கர்த்தருடைய கிருபையால் நலம். ரயில் சிக்னல் அறையில் நின்று நின்று அமோஸுக்கு முழங்கால் வலி, வேறு குறையில்லை. உன் உடம்பு எப்படி? டாஸ்மேனியாவில் இப்போது வெயில் காலம் என்று எழுதியிருந்தாய். ஜனவரியில் வெயில் என்றால் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. தலையில் தொப்பி இல்லாமல் தோட்டத்துக்குப் போகாதே.

பெரிய செய்தி. நம் ஆர்டன்வேல் படைக்காரர்கள் உங்கள் சண்டையை ஓவியமாக வரையச் சொல்லிவிட்டார்கள். 1918 மார்ச்சில் பண்ணை வீட்டில் நின்று செத்த உங்கள் பிளட்டூனைத்தான் சொல்கிறேன். படைமுகாம் கூடத்தில், நூறு வருஷத்துக்கு முந்திய ஸ்பெயின் யுத்தத்துப் பழைய படத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டப்போகிறார்களாம். இரண்டு ஆள் உயரம். ஓவியர் மிஸ்டர் ஃபென்விக் நம் வீட்டு முன்னறையில்தான் தங்கியிருக்கிறார். நல்ல மனிதர். சாப்பிடும்முன் ஜெபிக்கிறார், நான் பார்க்கும்போது மட்டுமாவது.

ஒவ்வொருவர் முகமும் அசலாக இருக்க வேண்டுமாம். வீடு வீடாகப் போய்ப் போட்டோ வாங்குகிறார். நடுவில் யார் தெரியுமா? நீ! லெப்டினன்ட் ஹாலம் கையில் நான் பின்னித் தந்த உன் கறுப்புத் தோள்கயிற்றைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் செய்தி கொண்டு போகப் புறப்படும் காட்சி. உயிரோடிருப்பவன் நீ ஒருவன்தான், அதனால் உன் வாயால் கேட்க வேண்டும் என்கிறார். யார் எங்கே நின்றார்கள் என்று விவரமாக எழுது.

இருபத்துமூன்று பேரில் இருபத்திரண்டு பேர் படத்தில் உண்டு. ஈனோக் டார்பி கிடையாது. ஓடிப்போனவனுக்கு இடமில்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவன் அம்மா காதில் விழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சபையில் வழக்கம்போல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அக்கா,
டார்க்கஸ் ஹெப்பிள்

ஹ்யூவன் பள்ளத்தாக்கு, டாஸ்மேனியா
1 மார்ச் 1925

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மாமாவும் சுகமாயிருக்க விரும்புகிறேன். ஆப்பிள் பறிப்பு ஆரம்பித்துவிட்டது, எழுத நேரமில்லை.

படத்தில் என்னைப் போட வேண்டாம் என்று ஓவியரிடம் சொல். செத்தவர்களைப் போடட்டும். உயிரோடிருப்பவனைப் போட்டால் நன்றாயிருக்காது. யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் மறந்துவிட்டது. புகை, சத்தம், அவ்வளவுதான்.

டார்பியம்மா இன்னும் சபைக்கு வருகிறாளா? ஊரைவிட்டுப் போயிருப்பாள் என்று நினைத்தேன்.

சைலஸ்

கில்பரி
19 ஏப்ரல் 1925

அன்புள்ள தம்பிக்கு,

கிருபையால் நலம். உன் கடிதம் வந்தது. என் ஏட்டில் குறித்துக்கொண்டேன்: இரண்டு வாக்கியம் உடம்பைப் பற்றி, மற்றது எல்லாம் வேண்டாம் வேண்டாம். பறிப்புக் காலத்தில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

உன் அடக்கம் மிஸ்டர் ஃபென்விக்குக்குப் பிடித்துவிட்டது. "இந்த மாதிரி ஆளைத்தாம்மா நடுவில வைக்கணும்" என்றார். போயிற்று, உன் பேச்சு எடுபடவில்லை.

என் சமையல் மேசை இப்போது யுத்தகளம். ரொட்டி வெட்டும் பலகைதான் பண்ணை வீடு. உருளைக்கிழங்குகள் நீங்கள். இருபத்திரண்டு உருளைக்கிழங்கு, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு குத்தியிருக்கிறது. நேற்று அமோஸ் பசியோடு வந்து, "ஏம்மா டார்க்கஸ், இன்னைக்காவது லெப்டினன்ட்டை வேகவைப்பியா, இல்ல பட்டினிதானா?" என்று கேட்டார். "வாயை மூடுங்க, செத்தவங்களைக் கிண்டல் பண்ணாதீங்க" என்றேன். ஓவியர்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

அவர் என்னைப் படைமுகாமுக்குக் கூட்டிப்போய் ஸ்பெயின் படத்தைக் காட்டினார். சின்ன வயதிலிருந்து பார்க்கிற படம்தான். கர்னல் செத்துக் கிடக்கிறார், பாளையத்துப் பெண்கள் கறுப்புப் பாவாடையைக் கிழித்துப் பின்னிச் சிப்பாய்கள் தோளில் கட்டுகிறார்கள். அன்றிலிருந்து வீட்டுப் பெண்கள்தானே உங்களுக்குக் கயிறு பின்னுகிறோம். ஓரத்தில் குதிரைமேல் ஒருவன், அவன் தோளில் மட்டும் கயிறில்லை. "அவன் ஏன் இப்படி?" என்று கேட்டேன். "அவனை அனுப்பியிருக்காங்கம்மா. பிடிபட்டா எந்தப் படைன்னு தெரியக்கூடாது. அதிகாரிகிட்ட கழட்டிக் குடுத்துட்டுப் போறான். திரும்பி வந்து வாங்கிக்குவான்" என்றார். கயிறில்லாதவன் என்றால் ஒன்று அனுப்பப்பட்டவன், இல்லையென்றால் அடையாளத்தை அறுத்துப்போட்டு ஓடினவன். நீ முதல் வகை, ஈனோக் இரண்டாவது. அவன் பிணம் சாலையில் கயிறில்லாமல்தானே கிடந்தது.

அடுத்த வாரம் லெப்டினன்ட்டின் தாயாரைப் பார்க்க ஓவியர் ஷ்ரூஸ்பரி போகிறார். ஜெர்மானியர்கள் அவர் உடம்பிலிருந்து எடுத்து, யுத்தம் முடிந்தபிறகு திருப்பி அனுப்பிய பொட்டலம் அந்த அம்மாளிடம் முத்திரை உடைக்காமல் அப்படியே இருக்கிறதாம். உன் கயிறு அதில் இருக்கும்! கிடைத்தால் அதைப் பார்த்தே வரைவார். என் கைவேலை படைமுகாம் சுவரில் ஏறப்போகிறது என்று பெருமைப்பட்டேன். பெருமை பாவம் என்று உடனே ஜெபம் பண்ணினேன்.

உன் நலத்துக்கு ஜெபிக்கும்,
டார்க்கஸ்

கில்பரி
17 மே 1925

அன்புள்ள சைலஸுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகந்தானே.

மிஸ்டர் ஃபென்விக் ஷ்ரூஸ்பரியிலிருந்து கயிற்றோடு வந்தார். லெப்டினன்ட்டின் தோல் பையில் மடித்து வைத்திருந்ததாம். அவர் தோளில் கட்டியிருந்த கயிறு தனியாக, அந்தத் தாய் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். பையிலிருந்தது ஒன்றே ஒன்று. "இந்தாங்கம்மா, உங்க பிள்ளை மாதிரிதானே இது, நல்லாப் பாருங்க" என்று என் மடியில் வைத்தார்.

பார்த்தேன். ஒரு சந்தேகம், கேட்டுவிடுகிறேன். நான் வலதுகையால் பின்னுகிறவள். என் பின்னல் வலப்பக்கமாக ஏறும். இது இடப்பக்கமாக ஏறுகிறது. நம் தையல் கூட்டத்தில் இடதுகைக்காரி ஒருத்தி மட்டும்தான். ஆண்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஓவியருக்கும் தெரியவில்லை. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மூன்று தடவை பார்த்தேன்.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "அழகா இருக்குங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏதாவது காரணம் இருக்கும். நீ எழுது.

டார்க்கஸ்

ஹ்யூவன் பள்ளத்தாக்கு
4 ஜூன் 1925

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஏப்ரல் கடிதம் இன்று காலை வந்தது, இன்றே தபாலில் சேர்க்கிறேன். மாமாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் நல்லது.

ஓவியர் ஷ்ரூஸ்பரி போகக் கூடாது. மகனைப் பறிகொடுத்த வயதான அம்மாள், இத்தனை வருஷமாகத் திறக்க மனமில்லாத பொட்டலத்தை ஒரு படத்துக்காகப் பிரிக்கச் சொல்வது என்ன தர்மம்? நீ பக்தியுள்ளவள், நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும். போய்விட்டார் என்றால், எடுத்ததை அப்படியே திருப்பி வைக்கச் சொல்.

கயிறு வேண்டுமென்றால் நீயே புதிதாக ஒன்று பின்னிக் கொடு. கயிறுகள் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கும்? எது யாருடையது என்று யாருக்குத் தெரியப்போகிறது?

உலர்ந்த ஆப்பிள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

சைலஸ்

ஹ்யூவன் பள்ளத்தாக்கு
5 ஜூலை 1925

அன்புள்ள அக்கா,

சுகம், சுகத்துக்குக் கடிதம் போடு. உன் மே கடிதம் கிடைத்தது. படித்துச் சிரித்தேன். இதற்கா ஜன்னல் பக்கம் போனாய்?

விஷயம் இதுதான். சண்டைக்கு இரண்டு நாள் முன்னால் நானும் ஈனோக்கும் குளிக்கும்போது கயிறுகளைக் கொடியில் போட்டோம். எடுக்கும்போது மாறிவிட்டது. அவன் கண்டுபிடித்து, "விடுடா, டார்க்கஸ் அக்கா பின்னினதைக் கட்டினா எனக்கும் அதிர்ஷ்டம் வரட்டும்" என்றான். இருவரும் சிரித்தோம். சார்ஜென்ட் கூடப் பார்த்தார். அன்றைக்கு மழை பெய்து ஓய்ந்திருந்தது, சாப்பாட்டுக்குப் பட்டாணிக் கஞ்சி. இதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. ஆகையால் நான் லெப்டினன்ட்டிடம் கொடுத்தது அவன் அம்மா பின்னியது. அவ்வளவுதான் கதை.

இதை டார்பியம்மாவிடம் சொல்ல வேண்டாம். மகன் கயிறு என்று தெரிந்தால் வீணாக மனசு நொந்துபோவாள்.

உன் அன்புத் தம்பி,
சைலஸ்

கில்பரி
23 ஆகஸ்ட் 1925

அன்புள்ள சைலஸ்,

அமோஸ் சுகம். நானும் எழுந்து நடமாடுகிறேன். உலர்ந்த ஆப்பிள் வந்தது, இன்னும் பிரிக்கவில்லை.

உன் மூன்று கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கக் கற்றேன். அதனால் எதையும் மெதுவாகத்தான் வாசிப்பேன், ஒன்றையும் விடமாட்டேன். மார்ச்சில் யார் எங்கே நின்றார்கள் என்பதே மறந்துவிட்டது என்றாய். ஜூலையில் பட்டாணிக் கஞ்சி நினைவுக்கு வந்துவிட்டது. ஜூன் நாலாம் தேதி, நான் பின்னலைப் பற்றி எழுதிய கடிதம் உன் கைக்கு வருமுன்னே, எது யாருடையது என்று யாருக்குத் தெரியும் என்று கேட்டாய். ஏன் கேட்டாய்?

உன்னை வளர்த்தவள் நான். அம்மா போனபோது உனக்கு நாலு வயது. நீ சொன்னால் நம்பிவிடுவேன், நம்பத்தான் ஆசை. ஆனால் அதற்கு முன்னால் இதைக் கேள்.

1918 ஏப்ரலில் நம் சபைப் பெண்கள் தேநீர்ப் பட்டியலிலிருந்து டார்பியம்மாவின் பெயரை அடித்தவள் நான்தான். கோடு போட்டது என் பேனா. அன்றிலிருந்து அவள் சுட்ட அப்பத்தை யாரும் தொடுவதில்லை. கல்லறைத் தோட்டத்துக் கற்சுவரில் இருபத்தொரு பெயர் வெட்டினார்கள், அவள் மகன் பெயரை வெட்டவில்லை. இத்தனையும் உன் ஒரு சொல்லை நம்பிச் செய்தோம்.

நீ சொன்னபடி மாறியிருந்தால், ஈனோக் தோளில் இருந்தது என் கயிறு. அவன் அறுத்துப்போட்டு ஓடியது என் கயிற்றை. சரி. வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வரி எழுது: "என் அக்கா பின்னிய கயிற்றை அறுத்துப்போட்டு ஈனோக் டார்பி ஓடினான்." கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஒருவருக்கும் காட்டமாட்டேன். இனி ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன். சாகும்வரை நம்புவேன்.

ஓவியத்தில் உன் முகம் முடிந்துவிட்டது. கன்னத்துக் குழி கூட வந்திருக்கிறது.

டார்க்கஸ்

கில்பரி
18 அக்டோபர் 1925

சைலஸுக்கு,

உடம்பு எப்படி என்று கேட்டு எழுதப் பழகிய கை, அதனால் கேட்கிறேன். எங்களுக்குக் குறைவில்லை.

உன்னிடமிருந்து பதில் வர நாள் இருக்கிறது, எனக்குக் கணக்குத் தெரியும். ஆனால் ஓவியம் இந்த மாதம் முடிந்தாக வேண்டும், காத்திருக்க முடியவில்லை. காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும் என்பதுதான் உண்மை.

வியாழக்கிழமை மிஸ்டர் ஃபென்விக்கிடம் கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு டார்பியம்மா வீட்டுக்குப் போனேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. கதவைத் திறந்தவள் வழிவிடாமல் நின்றாள்.

"என்ன டார்க்கஸ், வீடு மாறி வந்துட்டியா?"

"இல்ல டார்பியம்மா. உங்ககிட்டதான் வந்தேன்."

"மறுபடி எந்தப் பட்டியல்ல என் பேரை அடிக்கணும்?"

கயிற்றை நீட்டினேன். அவள் கண்ணால் பார்க்கக்கூட இல்லை, விரலால் ஒருமுறை தடவினாள். சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இது என் புள்ளையோடது. எங்கேடி எடுத்த?"

"லெப்டினன்ட் ஹாலம் பையில இருந்துச்சு. பத்திரமா மடிச்சு வச்சிருந்தாராம்."

"மடிச்சா?"

"ஆமா."

"அப்ப அனுப்பித்தான் போயிருக்கான்" என்றாள். "ரோட்டுல செத்துக் கிடந்தது சேதி கொண்டு போற வழியில. நான் பெத்தவன் ஓடலை."

"இல்ல, ஓடலை."

பிறகு என் முகத்தை நேராகப் பார்த்தாள். "அப்போ உன் தம்பி?"

நான் தரையைப் பார்த்தேன், சைலஸ். அவள் திரும்பக் கேட்கவில்லை. "சரி, உள்ளே வா. டீ போட்டுட்டேன், ஆறிடும்" என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

ஓவியரிடம் கயிறு யாருடையது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு தட்டைக் கத்தியை எடுத்து நடுவிலிருந்த முகத்தைச் சுரண்டினார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நெற்றி சீக்கிரம் வந்துவிட்டது. கன்னத்துக்கு நேரமாயிற்று. கமிட்டியிடம் அவரே பேசுகிறார்.

இப்போது அந்த இடத்தில் தோள் இருக்கிறது, கயிற்றை நீட்டும் கை இருக்கிறது, முகம் இல்லை. டார்பியம்மாவிடம் போட்டோ கிடையாது. இருந்த ஒன்றையும் 1918-ல் கல்லெறிந்தவர்களுக்குப் பயந்து அடுப்பில் போட்டுவிட்டாளாம். மூக்கு எப்படி, வாய் எப்படி என்று கேட்டால், ஆறு வயதுப் பிள்ளையின் முகத்தைத்தான் சொல்கிறாள். அதற்குமேல் ஞாபகத்தில் வரவில்லை என்று அழுகிறாள்.

அவன் முகத்தைக் கடைசியாகப் பார்த்தவர்களில் உயிரோடிருப்பவன் நீ. நான் ஆகஸ்டில் கேட்ட வரியை இனி எழுத வேண்டாம். இதை எழுது.

டார்க்கஸ்

ஹ்யூவன் பள்ளத்தாக்கு
6 டிசம்பர் 1925

அக்கா,

ஆகஸ்டில் நீ கேட்ட வரியை எழுத உட்கார்ந்தேன். பதினேழு நாள் உட்கார்ந்தேன். "என் அக்கா" வரைக்கும் எழுத வந்தது.

ஓவியருக்குச் சொல். முகம் நீளம், தாடை அகலம். வலது புருவத்தில் ஒரு வெட்டு, அங்கே முடி முளைக்காது. முன்பல்லில் பாதி இல்லை. கூரையிலிருந்து சுண்ணாம்பு கொட்டிக்கொண்டேயிருந்தது, தலை கிழவன் தலை மாதிரி வெளுத்திருந்தது. இமையில் கூடச் சுண்ணாம்பு. உதட்டோரம் பிஸ்கட் தூள். மென்றுகொண்டிருந்தான்.

லெப்டினன்ட் முதலில் கூப்பிட்டது என் பெயரை. அது கமிட்டிக்குத் தெரிய வேண்டும். இரண்டு தடவை கூப்பிட்டார். எனக்குக் கால் எழவில்லை. ஈனோக்தான், "சார், இவன் ஆமை மாதிரி ஓடுவான், ஜெர்மன்காரனே பரிதாபப்பட்டுச் சுட்டுடுவான். நான் போறேன்" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்து இழுத்தான். சாலைப் பக்கம் போனான்.

அதற்குப் பத்து நிமிஷம் கழித்து நான் தோட்டத்துப் பக்கமாகப் போனேன். என்னை யாரும் அனுப்பவில்லை. நீ பின்னியதைப் பேனாக்கத்தியால் அறுத்துக் கிணற்றில் போட்டேன். முகாமில், கயிறு எங்கே என்று கேட்டார்கள். லெப்டினன்ட்டிடம் என்றேன். ஈனோக்கைப் பற்றிக் கேட்டார்கள். அவனைச் சாலையில் கயிறில்லாமல் கண்டெடுத்ததாக அவர்களே சொன்னார்கள். எனக்கு முன்னால் ஓடினான் என்றேன். ஒரு வரிதான். அது இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை என்று எழுத ஆசை. நினைத்தேன்.

இந்தப் பக்கத்தைப் பாதிரியாரிடம் கொடு, கர்னலிடம் கொடு, டார்பியம்மாவுக்கு வாசித்துக் காட்டு. கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இந்த விலாசத்துக்கு இனி எழுதாதே. வெள்ளிக்கிழமை இங்கிருந்து போகிறேன்.

முகத்தைச் சொல்லி முடிக்கவில்லை. கண் சாம்பல் நிறம், இடது கண் கொஞ்சம் சிறியது. பயமில்லாதவன் மாதிரி வரைய வேண்டாம், பயம் இருந்தது. கயிற்றை நீட்டியது லெப்டினன்ட்டிடம், ஆனால் பார்த்தது அவரை இல்லை. என்னைப் பார்த்தான். நான் எதிர்ச் சுவரோரம் குந்தியிருந்தேன். ஆகையால் அவன் பார்வை படத்துக்குள்ளே யார் மேலும் விழக்கூடாது. நேராக வெளியே பார்க்க வேண்டும்.

படைமுகாம் கூடத்தில் நீ போய்ப் பார்க்கும்போது, நான் இருந்த இடத்தில்தான் நிற்பாய்.

சைலஸ் ரட்லின்